கோப்பைக்குக் கோப்பை நடை: ஊருக்கு ஒரு காக்டெயில் பாதை

பயணிகள் வரும் எந்த ஊருக்கும் ஒரு செத்த நேரம் உண்டு. அருங்காட்சியகத்தை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். படகுத்துறை இருட்டியதும் அடங்கிவிடும். அதற்கும் தூங்கப்போவதற்கும் நடுவே நான்கைந்து மணி நேரம் கிடக்கிறது. கையில் காசும் காலில் வலியுமாக வந்தவர் விடுதி அறையில் தொலைக்காட்சியைத் திருப்பிக்கொண்டிருக்கிறார். மறுநாள் காலை பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார். அந்த நான்கைந்து மணி நேரத்துக்கு ஒரு வேலை கொடுத்தால் இன்னோர் இரவு தங்குவார். காக்டெயில் பாதை என்பது அதற்கான ஏற்பாடு.

பெயரைக் கேட்டதும் இது மது விற்கும் தந்திரம் என்று தோன்றும். நன்றாக நடக்கும் பாதைகளைக் கூர்ந்து பார்த்தால் வேறொன்று தெரியும். நல்ல கோப்பை எந்த ஊரிலும் கிடைக்கும். ஒரு கோப்பைக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருக்கும் தெரு அந்த ஊரில் மட்டும்தான் இருக்கிறது. நீங்கள் அமைக்கப்போவது அந்தத் தெருவை. இதை மறக்காமல் இருந்தால் இந்த அத்தியாயத்தின் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

பாடம் படிக்க ஓர் ஊர்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், ஒஹையோ ஆற்றங்கரையில் இருக்கிறது லூயிவில். மே மாதத்தின் முதல் சனிக்கிழமை என்றால் அந்த ஊர் திமிலோகப்படும். 1875 முதல் நடந்துவரும் கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயம் வழக்கமாக அன்றுதான். புதினா, சர்க்கரை, பர்பன் விஸ்கி, நொறுக்கிய பனிக்கட்டி சேர்த்த மிண்ட் ஜூலெப் அந்தப் பந்தயத்தின் பானம். டெர்பியையும் அதற்கு முந்தைய நாள் பந்தயத்தையும் சேர்த்து ஏறத்தாழ 1,20,000 கோப்பை போகிறது என்பது பந்தயத் திடலின் கணக்கு. சரி, பந்தயம் முடிந்த பிறகு மீதி வருடத்துக்கு என்ன செய்வது?

பதில் பக்கத்திலேயே இருந்தது. பர்பன் என்பது வெறும் விஸ்கிப் பெயர் இல்லை, சட்டம் வரையறுத்த பொருள். தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். உட்புறம் கருக்கிய புதிய ஓக் மரக் கலனில்தான் ஊற வேண்டும். 1964இல் அமெரிக்க நாடாளுமன்றம் அதைத் தங்கள் நாட்டுக்கே உரிய பொருள் என்று தீர்மானம் போட்டது. அதில் மிகப் பெரும்பகுதி காய்ச்சப்படுவது கென்டக்கியில். 1999இல் அந்த மாநில ஆலைக்காரர்களின் சங்கம் ஏழு ஆலைகளைக் கோத்து 'கென்டக்கி பர்பன் டிரெயில்' என்ற பாதையை அமைத்தது. 1880இல் தொடங்கிய பழைய சங்கம் அது.

ஆனால் அந்த ஆலைகள் நாட்டுப்புறத்தில் இருந்தன. பர்பனுக்குப் பேர்போன பார்ட்ஸ்டவுன் லூயிவில்லிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர். பகலில் ஆலை பார்த்துத் திரும்புகிறவருக்கு மாலையில் நகரம் என்ன தரும்? 2008இல் லூயிவில் நகரச் சுற்றுலா அமைப்பு இதற்கு ஒரு விடை சொன்னது. நகரத்துக்குள் இருக்கும் பார்களையும் உணவகங்களையும் சேர்த்து 'அர்பன் பர்பன் டிரெயில்' தொடங்கியது. பகலுக்கு ஆலை, மாலைக்கு ஊர். புதிதாக ஒரு கட்டடம்கூடக் கட்டவில்லை; ஏற்கெனவே இருந்த கடைகளை ஒரே சரத்தில் கோத்தார்கள். நீங்கள் செய்யப்போவதும் இந்தக் கோக்கும் வேலைதான்.

முதல் படி: சரடு எது?

பாதைக்கு ஒரு சரடு வேண்டும். 'எங்கள் ஊரில் நல்ல பார்கள் இருக்கின்றன' என்பது சரடு ஆகாது; எல்லா ஊரும் அதைச் சொல்லும். நீங்கள் யோசித்து வைத்திருக்கும் கருவை இந்த மூன்று கேள்விகளில் போட்டுப் பாருங்கள்.

ஒன்று: இது இந்த மண்ணில் இருந்து வந்ததா? விளைந்த பொருள், ஒரு தொழில், ஒரு ஹோட்டல், ஒரு துறைமுகம், ஏதாவது ஒன்று ஆதாரமாக இருக்க வேண்டும்.

இரண்டு: பத்துக் கடைகள் இதைப் பத்து விதமாகச் செய்ய இடம் இருக்கிறதா? ஒரே பானத்தை ஒரே மாதிரி பத்து இடத்தில் கொடுத்தால் இரண்டாவது கடையோடு வந்தவர் வீடு திரும்பிவிடுவார்.

மூன்று: வந்தவர் ஊருக்குப் போய்த் தன் நண்பரிடம் ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியுமா?

லூயிவில்லின் சரடு மூன்றிலும் தேறுகிறது. 2015இல் அந்நகரம் 'ஓல்ட் ஃபேஷன்ட்' காக்டெயிலைத் தன் அதிகாரபூர்வ பானமாக அறிவித்தது. பர்பன், சர்க்கரை, இரண்டு மூன்று சொட்டு மூலிகைக் கசப்புச் சாறு, ஓர் ஆரஞ்சுத் தோல். அவ்வளவுதான் கலவை. எளிமையான பானம் என்பதால்தான் மாற்றிப் பார்க்க இடம் இருக்கிறது. ஒரு கடை சர்க்கரைக்குப் பதில் சோளத் தண்டுப் பாகு ஊற்றலாம், இன்னொன்று கசப்புச் சாற்றைத் தானே தயாரிக்கலாம். வருடந்தோறும் ஜூன் மாதத்தில் இந்தப் பானத்துக்கென்றே இரண்டு வாரக் கொண்டாட்டமும் வைக்கிறார்கள். மே மாதப் பந்தயக் கூட்டம் கலைந்ததும் வரும் வெறுமையை நிரப்ப அதைவிட நல்ல நேரம் கிடையாது.

மற்ற ஊர்களும் இப்படித்தான் ஒரு பானத்தைப் பிடித்துக்கொண்டன. பியூர்ட்டோ ரிக்கோ 1978இல் பினா கொலாடாவைத் தன் பானமாக அறிவித்தது. நியூ ஆர்லியன்ஸுக்கு 2008இல் சாஸராக் அதிகாரபூர்வ காக்டெயில் ஆயிற்று. சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் ஹோட்டலுக்கு வருகிறவர்களில் பலர் வருவதே 'சிங்கப்பூர் ஸ்லிங்' குடித்தேன் என்று சொல்லிக்கொள்ளத்தான். அறிவிப்பு மட்டும் பாதை ஆகிவிடாது. ஒரு பானம் ஒரு ஹோட்டலோடு நின்றுவிட்டால் வந்தவர் அந்த ஹோட்டலோடு நின்றுவிடுவார், தெருவில் நடக்கமாட்டார்.

இரண்டாம் படி: கதையைத் தட்டிப் பாருங்கள்

பாதையின் உயிர் கதையில் இருக்கிறது. மானம் போவதும் கதையால்தான்.

லூயிவில்லில் 1905இல் திறந்த சீல்பாக் ஹோட்டல் இருக்கிறது. அதன் பெயரிலேயே ஒரு காக்டெயில்: பர்பன், ஆரஞ்சு மதுச்சாறு, கைதாராளமாகக் கசப்புச் சாறு இரண்டு வகை, மேலே ஷாம்பெயின். 1990களில் அங்கே வேலை பார்த்த ஆடம் சீகர், மதுவிலக்குக் காலத்துக்கு முன்பு ஹோட்டலில் பரிமாறப்பட்டு மறைந்துபோன பானம் இது, பழைய செய்முறையைக் கண்டெடுத்தேன் என்றார். பத்திரிகைகள் எழுதின, காக்டெயில் நூல்களில் ஏறியது, உலகம் முழுக்க பார்களில் கலந்தார்கள். 2016இல் சீகரே உண்மையைச் சொன்னார்: பழைய செய்முறை என்று எதுவும் கிடையாது, தானே உருவாக்கியது.

பானம் நன்றாக இருந்ததால் அது பிழைத்தது. ஆனால் இருபது வருடம் அதை வரலாறு என்று எழுதியவர்களுக்கு அசடு வழிந்தது. உங்கள் பாதையின் கையேட்டில் இப்படி ஒரு கதை ஏறி, நான்கு வருடம் கழித்து உடைந்தால், மற்ற ஒன்பது உண்மைக் கதைகளையும் யாரும் நம்பமாட்டார்கள்.

ஓல்ட் ஃபேஷன்ட் பற்றியே ஒரு கதை உண்டு. லூயிவில்லின் பென்டென்னிஸ் கிளப்பில்தான் அது பிறந்தது என்று ஊரில் சொல்வார்கள். அந்தக் கிளப் தொடங்கியது 1881இல். அதற்கு முந்தைய வருடமே சிகாகோ நாளிதழ் ஒன்றில் அந்தப் பெயர் அச்சாகியிருக்கிறது. அதையும் தாண்டிப் பின்னால் போனால், 1806இல் நியூயார்க் மாநிலத்துப் பத்திரிகை ஒன்று காக்டெயில் என்றால் என்ன என்று விளக்கியபோது மது, சர்க்கரை, தண்ணீர், கசப்புச் சாறு என்று இதே கலவையைத்தான் சொன்னது. கிளப்பின் கதையைத் தூக்கி எறிய வேண்டாம். அது ஊரின் நம்பிக்கை என்று சொல்லியே எழுதலாம்.

அதற்கு ஒரு எளிய வழி: கையேட்டில் ஒவ்வொரு கதைக்கும் பக்கத்தில் மூன்றில் ஒரு குறி போடுங்கள். 'ஆவணம் உண்டு', 'ஊரில் சொல்வார்கள்', 'நாங்கள் புதிதாகச் செய்தது'. மூன்றாவது குறிக்கு வெட்கப்பட வேண்டியதில்லை. இந்த வருடம் கண்டுபிடித்த பானம் என்று சொல்லி ஊற்றினாலும் குடிக்கிறவர் குடிப்பார்.

இரண்டு கடைகள் ஒரே பானத்துக்குச் சொந்தம் கொண்டாடினால் தீர்ப்புச் சொல்லப் போகாதீர்கள். பியூர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் பினா கொலாடா தன்னிடம் பிறந்த வருடம் 1954 என்கிறது ஒரு ஹோட்டல், பழைய ஊருக்குள் ஓர் உணவகம் 1963 என்று வாசலில் கல்வெட்டே வைத்திருக்கிறது. இரண்டு இடத்துக்கும் போய்ப் பார்க்க வந்தவருக்கு அதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

மூன்றாம் படி: கடைகளைச் சேர்ப்பது

எட்டு முதல் பன்னிரண்டு கடைகளோடு தொடங்குங்கள். ஐந்துக்குக் கீழே போனால் பாதை போலத் தோன்றாது. முப்பது என்றால் வந்தவர் மலைத்துப்போய் எதற்குமே போகமாட்டார்.

யாரைச் சேர்ப்பது என்பதில்தான் ஊர்ச் சண்டை வரும். தெரிந்தவர், வேண்டியவர் என்று போனால் முதல் வருடமே பாதை சிதறும். அளவுகோலை முதலில் எழுதி வெளியிட்டுவிட்டு, பிறகு விண்ணப்பம் வாங்குங்கள். லூயிவில்லில் அளவுகோல் எண்ணிப் பார்க்கக்கூடியது: அலமாரியில் குறைந்தது 50 வகை பர்பன் இருக்க வேண்டும். 'தரமான சேவை' என்று எழுதினால் வாக்குவாதம் வரும். 'ஐம்பது புட்டி' என்று எழுதினால் எண்ணினால் போதும்.

உங்கள் பட்டியலில் இவை இருக்கட்டும்:

வாரத்தில் ஐந்து மாலையாவது திறந்திருக்க வேண்டும். திங்கள், செவ்வாய் முக்கியம். சனிக்கிழமைக்குக் கூட்டம் தானாக வரும்.

கோப்பையை நீட்டும் ஊழியர் இரண்டு நிமிடத்தில் கதையைச் சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

பாதி அளவுக் கோப்பை கேட்டால் தர வேண்டும். மது சேராத வடிவமும் அதே அக்கறையோடு செய்து தர வேண்டும்.

சாப்பிட ஏதாவது, குடிநீர், சுத்தமான கழிப்பறை. இந்த மூன்றும் இல்லாத கடைக்கு எவ்வளவு நல்ல கதை இருந்தாலும் இடமில்லை.

சாப்பாட்டைக் கடைசியில் சொன்னாலும் அது கடைசி விஷயம் இல்லை. லூயிவில்லின் பிரவுன் ஹோட்டலில் 1926இல் பின்னிரவு வரை ஆடிக் களைத்தவர்களுக்காக ஒரு பண்டம் செய்தார்கள். ரொட்டிமேல் வான்கோழி இறைச்சி, அதன்மேல் பாலாடைக்கட்டிக் குழம்பு, பன்றி இறைச்சிக் கீற்று. சூட்டோடு அடுப்பிலிருந்து வரும். பெயர் 'ஹாட் பிரவுன்'. இன்றும் அந்த ஊருக்குப் போகிறவர்கள் தேடிச் சாப்பிடுகிறார்கள். பாதையில் மூன்றாவது நிறுத்தம் வரும்போது வயிறு எதையாவது கேட்கும். அந்த இடத்தில் ஊரின் சாப்பாடு இருந்தால் குடிப்பவரின் நிதானமும் தங்கும், ஊரின் பெயரும் தங்கும்.

நான்காம் படி: நடந்து பார்த்து வரைபடம் போடுங்கள்

ஒரு நிறுத்தத்துக்கும் அடுத்ததற்கும் பத்து நிமிட நடை. அதற்கு மேல் போனால் வண்டி எடுக்கத் தோன்றும். குடித்தவர் கையில் வண்டிச் சாவி வரும் நிலைமையை வரைபடமே உண்டாக்கக் கூடாது. ஊர் பரந்து கிடந்தால் ஒரே பாதையாக இழுக்காமல் இரண்டு மூன்று கொத்துகளாகப் பிரித்து, நடுவில் பேருந்து எண்ணைப் போடுங்கள்.

லூயிவில்லின் மெயின் தெரு இதற்கு நல்ல மாதிரி. பழைய காலத்தில் விஸ்கி வியாபாரிகளின் அலுவலகங்கள் வரிசையாக இருந்த தெரு. மதுவிலக்கு 1920இல் வந்து வியாபாரத்தை அடித்துப்போட்டது. அந்தத் தெருவில் 2013இல் ஒரு நிறுவனம் சிறிய ஆலையோடு காட்சிக்கூடம் திறந்தது. 2018இல் இன்னொன்று தன் பழைய முகவரிக்கே திரும்பியது. அதே வருடம் அதே தெருவில் இருக்கும் ஃபிரேசியர் வரலாற்று அருங்காட்சியகத்தில் மாநிலப் பாதைக்கான வரவேற்பு மையமும் வந்தது. எல்லாம் இருபது நிமிட நடைக்குள்.

நிறுத்தங்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை எண் கொடுக்காதீர்கள். ஆறு மணிக்கு எல்லோரும் ஒன்றாம் எண் கடையில் முட்டிக்கொள்வார்கள், பத்தாம் எண் கடைக்காரர் ஈ ஓட்டுவார். எங்கே வேண்டுமானாலும் தொடங்கலாம் என்பதே நல்லது.

வரைபடத்தில் கடைகளுக்கு நடுவே இருப்பதையும் குறியுங்கள். சீல்பாக் ஹோட்டலின் மூலையில், நான்காம் தெருவும் முகமது அலி சாலையும் சந்திக்கும் இடத்தில், ஒரு நினைவுப் பலகை நிற்கிறது. தாமஸ் மெர்ட்டன் என்ற கிறிஸ்தவத் துறவி 1958இல் அந்தச் சந்தியில் நின்று கடைத்தெருக் கூட்டத்தைப் பார்த்தபோது, இவர்கள் யாரும் எனக்கு அந்நியர் இல்லை என்ற உணர்வு அவரை ஆட்கொண்டதாம். பத்து வருடம் கழித்து, தன் கடைசிப் பயணத்தில், நம்முடைய மாமல்லபுரத்துக்கும் வந்துபோன மனிதர் அவர். பாருக்குப் போகும் வழியில் ஒரு துறவியின் பலகை. காசு கேட்காமல் ஊர் தரும் இந்த மாதிரி அரை நிமிடங்களை எந்தக் கடைக்காரராலும் கலந்து கொடுக்க முடியாது.

ஐந்தாம் படி: கடவுச்சீட்டு

கென்டக்கியில் மாநிலப் பாதைக்கும் நகரப் பாதைக்கும் கைக்கடக்கமான ஒரு 'பாஸ்போர்ட்' கொடுத்தார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் முத்திரை. நகரப் பாதையில் ஆறு முத்திரை சேர்த்தால் ஒரு டி-சட்டை. பெரியவர்கள்கூட முத்திரைக்காகக் குழந்தை போல அலைவார்கள். அந்தச் சட்டை வேறோர் ஊரில், வேறொரு விமான நிலையத்தில் உங்கள் ஊரின் பெயரைச் சுமந்து நடக்கும். விளம்பரச் செலவில் இதைவிட மலிவானது கிடையாது.

மூன்று விதிகளை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கடவுச்சீட்டுக்குக் காலாவதி வைக்க வேண்டாம்; ஒரே இரவில் முடித்தாக வேண்டும் என்ற வெறி வரக் கூடாது, மறுபடி வரவும் ஒரு காரணம் மிச்சம் இருக்கும். முத்திரைக்கு மது வாங்கியிருக்க வேண்டும் என்று வைக்காதீர்கள்; ஒரு தட்டு சாப்பாடோ மது சேராத பானமோ போதும். 'விரைவாக முடித்தவர்' என்று பரிசு அறிவிக்கவே கூடாது.

முத்திரை உங்களுக்குக் கணக்கேடும்கூட. சட்டை வாங்க வரும்போது கடவுச்சீட்டைப் புரட்டிப் பார்த்தால் எந்தக் கடைக்குப் போகிறார்கள், எதைத் தாண்டிப் போகிறார்கள் என்பது கருத்துக் கணிப்பு இல்லாமலே தெரிந்துவிடும். கூடவே ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த ஊரில் எத்தனை இரவு தங்கினீர்கள்? பாதை வென்றதா என்பதைச் சொல்லும் எண் அதுதான். விற்ற கோப்பைகளின் எண்ணிக்கை அதைச் சொல்லாது.

ஆறாம் படி: சட்டமும் அக்கம்பக்கமும்

அச்சகத்துக்குப் போவதற்கு முன் உரிமம் வழங்கும் துறை, காவல் நிலையம், தீயணைப்பு, நகராட்சி நால்வரிடமும் வரைபடத்தைக் காட்டிவிடுங்கள். குடிக்கும் வயது நாட்டுக்கு நாடு மாறும், அமெரிக்காவில் 21. வெளிநாட்டவர் வரும் ஊரில் அந்த எண் கையேட்டின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். விளம்பர விதிகளும் அப்படித்தான்: இந்தியாவில் கேபிள் தொலைக்காட்சியில் மதுவுக்கு விளம்பரம் செய்யத் தடை உண்டு.

குடியிருப்பவர்களைக் கூப்பிட்டு ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். இரவுச் சத்தம், வாசலில் நிற்கும் வண்டி, தெரு முனையில் கொட்டும் குப்பை ஆகிய மூன்றுக்கும் யார் பொறுப்பு, யார் எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். வந்தவர் மூன்று நாளில் போய்விடுவார். பாதையை நிறுத்தும் அதிகாரம் அந்தத் தெருவில் வீடு உள்ளவருக்குத்தான் இருக்கிறது.

நம் ஊரில் இது நடக்குமா என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை 2003 முதல் அரசின் டாஸ்மாக் வசம் இருக்கிறது. குடியால் சிதைந்த வீடுகளை நாம் எல்லோருமே அறிவோம். இங்கே காக்டெயில் பாதைக்கு அவசரமும் இல்லை, அவசியமும் இல்லை. ஆனால் இதுவரை சொன்ன படிகளில் மதுவை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். மதுரையின் ஜிகர்தண்டா, கும்பகோணத்து டிகிரி காபி, நன்னாரி சர்பத், பன்னீர் சோடா, பதநீர்: சரடு, கதை, அளவுகோல், நடை, முத்திரை எல்லாம் அப்படியே பொருந்தும். பொருந்தாமல் போவது வயது விதி ஒன்றுதான்.

ஆறு மாதக் கால அட்டவணை

முதல் மாதம்: சரடை முடிவு செய்யுங்கள், கதைகளைத் திரட்டுங்கள்.
இரண்டாம் மாதம்: கதைகளைச் சோதியுங்கள், குறி போடுங்கள், அளவுகோலை வெளியிடுங்கள்.
மூன்றாம் மாதம்: விண்ணப்பம், கடைகளைப் பார்வையிடுதல், அதிகாரிகளோடும் குடியிருப்போரோடும் பேச்சு.
நான்காம் மாதம்: பானங்களைச் சுவைத்து உறுதி செய்தல், ஊழியர் பயிற்சி.
ஐந்தாம் மாதம்: வரைபடம், கடவுச்சீட்டு, சட்டை.
ஆறாம் மாதம்: ஊர்க்காரர்களுக்கு மட்டும் இரண்டு வாரம் திறந்து ஓட்டம் பாருங்கள். அதன் பிறகே வெளியூருக்கு அழைப்பு.

பொறுமை வேண்டும். ஏழு ஆலைகளோடு 1999இல் தொடங்கிய கென்டக்கிப் பாதையில் ஒரு வருட வருகை 25 லட்சத்தைத் தாண்டியது 2023இல்.

ஐந்தாம் மாத முடிவில், அச்சுக்குக் கொடுப்பதற்கு முந்தைய நாள், கடைசியாக ஒரு சோதனை. ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, குடிக்கும் பழக்கம் இல்லாத ஒருவரைக் கூட்டிக்கொண்டு உங்கள் பாதையை முழுக்க நடந்து பாருங்கள். ஒன்பது மணிக்கு அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தால் வரைபடத்தைத் திருத்துங்கள். 'இன்னும் ஒரு இடம் பாக்கி இருக்கிறதே' என்று அவரே சொன்னால் அச்சுக்குக் கொடுங்கள்.